நோயாளியிடம் பொய் சொல்லலாமா?

வயோதிபத் தாய் ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி வருது, காலைத் தூக்கு" என்று கத்துகிறார். நாம் குனிந்து பார்க்கிறோம். தண்ணீர் இல்லை. "வெளியில என்ட மகன் கூப்பிடுறான், கதவைத் திற" என்கிறார். அந்த மகன் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கட்டிலருகே நிற்கும் நாம் என்ன பதில் சொல்வது? 'இல்லை' என்று வாதாடுவதா? 'ஆம்' என்று சொல்லிச் சமாளிப்பதா?

அன்பு வாசகர்களே, இது ஏட்டுக் கேள்வி அன்று. வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் ஒருநாள் வரக்கூடிய கேள்வி. எனக்கு அது என் சொந்தத் தாயின் கட்டிலருகே வந்தது. குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்தவன் நான். பொய்யைப் பற்றிய பாடத்தை மற்றவர்களுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த மூன்று இரவுகளில் முதல் இரண்டில் நான் தவறினேன். அதனாலேயே இதை எழுதத் துணிகிறேன்.

மூன்று இரவுகள்

எங்கள் வீடு கல்முனைக் கரையோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், திருக்குடும்ப விழா. அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த ஆழிப்பேரலையில், எல்லா மாவட்டங்களிலும் அதிகமாக இழந்தது அம்பாறை மாவட்டமே. தமிழர் என்றும் முஸ்லிம் என்றும் கடல் பார்க்கவில்லை. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் ஒரே நேரத்தில் குழி தோண்டினார்கள். என் தம்பியும் போனான். நான் அப்போது குருமடத்தில் இருந்தேன். அம்மா ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பினார்.

பல ஆண்டுகள் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய நிலையில், சிறுநீர்க் கிருமித் தொற்றினால் வந்த காய்ச்சலோடு அம்மா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். முதல் நாள் பகலில் நன்றாகவே பேசினார். இரவு பத்து மணிக்குமேல் ஆள் மாறிவிட்டார். கட்டிலின் கீழே தண்ணீர் ஏறுகிறது என்றார். நான் டோர்ச் லைட்டை அடித்துத் தரையைக் காட்டினேன். "பாருங்க அம்மா, தரை காய்ந்து கிடக்கு. தண்ணி எங்க இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் வாதாட வாதாட அவருடைய பயம் கோபமாயிற்று. "நீ சாமியாராகி என்ன மனே? கண் முன்னால நிக்கிற தண்ணி உனக்குத் தெரியல்லையா?" என்று கேட்டு, கையில் ஏற்றியிருந்த சேலைனைப் பிடுங்கி எறிந்தார்.

இரண்டாம் இரவு தம்பியைக் கேட்டார். முதல் இரவின் அனுபவத்தால் நான் வாதத்தைக் கைவிட்டு, பொய்யைக் கையில் எடுத்தேன். "தம்பி கடைக்குப் போயிருக்கான் அம்மா, காலையில வருவான்" என்றேன். உடனே அடங்கி உறங்கிப்போனார். நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு உறங்கினேன்.

காலையில் அதன் விலை தெரிந்தது. கொடுத்த பாணில் பாதியை அம்மா ஒரு கடதாசியில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்தார். "அவன் பசியோட வருவான்" என்றார். வாசலைப் பார்த்தபடியே இருந்தார். தேநீர் குடிக்கவில்லை. பிற்பகலில் மருந்து வேலை செய்து காய்ச்சல் தணிந்தபோது அவருக்குத் தெளிவு வந்தது. தலையணையின் கீழிருந்த பாணை எடுத்துப் பார்த்தார். தம்பி வரமாட்டான் என்பதை மறுபடியும் முதல் தடவையாக அறிந்துகொண்டார். என்னைப் பார்த்து, "நீயுமா மனே எனக்குப் பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் படித்த எந்த நூலிலும் பதில் இருக்கவில்லை.

மூன்றாம் இரவு காய்ச்சல் திரும்பவும் ஏறியது. தண்ணீரும் திரும்பவும் வந்தது. அன்று கடமையில் இருந்தவர் மருதமுனையைச் சேர்ந்த ஓர் இளம் தாதி. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டில் மட்டத்துக்குக் குனிந்து, "எனக்குத் தண்ணி தெரியல்ல அம்மா. ஆனா நீங்க நல்லாப் பயந்து போய் இரிக்கீங்க, அது தெரியிது. நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றார். இல்லாத தண்ணீரை இருப்பதாகச் சொல்லவுமில்லை. இருந்த பயத்தை இல்லையென்று சொல்லவுமில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பாதர், அம்மா கண்ணாடி போடுறவங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கண்ணில் படலம். கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரின் முகமும் தெளிவாகத் தெரியாது. உடைந்துவிடக்கூடாதென்று அந்தக் கண்ணாடியை முதல் நாளே பையில் போட்டு மூடியவன் நான்தான்.

தாதி கண்ணாடியை அணிவித்தார். பிறகு அம்மாவின் தலையணைப் பக்கமிருந்து தரையைப் பார்த்தார். நடைபாதை விளக்கின் வெளிச்சம், இரவில் துடைத்துவிட்ட சீமெந்துத் தரையில் விழுந்து, கட்டிலின் கீழ்வரை பளபளவென்று நீண்டு கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. படுத்திருந்தவருக்குத்தான் தெரிந்தது. அவர் கதவைச் சாத்தி, தலைமாட்டில் சிறு விளக்கொன்றை ஏற்றினார். தரை தரையாயிற்று.

அம்மா மெல்ல, "என்ட சின்னவன் எங்க மகள்?" என்று கேட்டார். தாதி, "சின்னவர்ர பேரென்ன அம்மா? அவர் எப்பிடி, நல்லாக் கதைப்பாரா?" என்று கேட்டார். அம்மா கதைக்கத் தொடங்கினார். தம்பி பந்தடித்து முழங்காலை உடைத்தது, மீன் குழம்பில் புளி கூடினால் கோபிப்பது, எல்லாம் வந்தன. கால் மணி நேரம் கழித்து, அவராகவே, "அவனைக் கடல் கொண்டு போயிட்டு மகள்" என்று சொல்லி அழுதார். தாதி கையை விடவில்லை. நான் இரண்டு இரவுகளாகத் திணிக்கவும் மறைக்கவும் முயன்ற உண்மை, அம்மாவின் வாயிலிருந்தே வந்தது. அதன்பின் அவர் உறங்கினார்.

கயிறும் பாம்பும்

நடந்தது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அரையிருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சுவதை நம் முன்னோர் தத்துவ உவமையாகவே கையாண்டனர். வைத்தியர்களும் ஏறக்குறைய அதே வேறுபாட்டைச் செய்கிறார்கள். இருக்கும் ஒரு பொருளைப் பிழையாகக் காண்பது ஒன்று. எதுவுமே இல்லாத இடத்தில் காண்பதும் கேட்பதும் இன்னொன்று. முதலாவதில் கயிறு உண்டு. இரண்டாவதில் கயிறே இல்லை. அம்மா கண்ட தண்ணீர் முதல் வகை. கேட்ட குரல் இரண்டாம் வகை.

முதியவர்களிடம் இது திடீரென்று தோன்றி, பகலில் குறைந்து இரவில் கூடுமானால், பெரும்பாலும் உடம்பில் எங்கோ நோய் ஒளிந்திருக்கிறது என்பதே பொருள். கிருமித் தொற்று, உடலில் நீர் வற்றுதல், இரத்தத்தில் உப்புக் குறைதல், சத்திரசிகிச்சை, சில மருந்துகள் ஆகியவை இதைக் கொண்டுவரும். நம் ஊர்களில் இதைச் சன்னி என்பார்கள். சிலர் பேய் பிடித்தது என்றும் சொல்லி, மந்திரிக்க ஆளைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் தேட வேண்டியது வைத்தியரை. நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இன்று பிதற்றினால், அது வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

எல்லாக் காட்சிகளும் புத்தி மாறாட்டத்தால் வருவனவும் அல்ல. ஜெனீவா நகர அறிஞர் சார்ள்ஸ் பொனே என்பவர், கண்படலத்தால் பார்வை மங்கிய தம் பாட்டனார் மனிதர்களையும் பறவைகளையும் கட்டிடங்களையும் கண்டதை 1760-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். பாட்டனாரின் புத்தியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. தாம் காண்பவை மெய்யல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பார்வை குறைந்த முதியவர்கள் பலர் இன்றும் இப்படிக் காண்கிறார்கள். பைத்தியக்காரப் பட்டம் கிடைக்கும் என்று அஞ்சி வெளியே சொல்லாதிருக்கிறார்கள்.

அகுஸ்தீனாரின் கலக்கம்

இனி நம் கேள்விக்கு வருவோம். பொய்யைப் பற்றித் திருச்சபையின் தந்தையருள் புனித அகுஸ்தீனாரைப்போல் கண்டிப்பாக எழுதியவர் இல்லை. ஏறத்தாழ 395-ஆம் ஆண்டில் ஒரு நூலும், 420-ஆம் ஆண்டளவில் மற்றொரு நூலும் இதைப் பற்றியே எழுதினார். எந்த நன்மையை முன்னிட்டும் பொய் கூடாது என்பது அவருடைய முடிவு. ஆயினும் இரண்டாம் நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தம் முன் நிறுத்துகிறார். சாகும் தறுவாயில் ஒரு தந்தை கிடக்கிறார். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது. 'என் மகன் உயிரோடு இருக்கிறானா?' என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியே அவரைக் கொன்றுவிடும். என்ன சொல்வது? இந்த இடத்தில் தாமும் மனிதர்தான் என்பதையும், தம் மனம் கலங்குகிறது என்பதையும் அகுஸ்தீனார் மறைக்கவில்லை. கலங்கியும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

கல்முனைக் கரையில் 2004-க்குப் பின் எத்தனை கட்டில்களில் இதே கேள்வி கேட்கப்பட்டிருக்கும்!

புனித தோமா அக்குவினார், கேடு செய்யும் பொய், உதவி செய்யும் பொய், விளையாட்டுப் பொய் என மூன்றாகப் பிரித்து, பிறர்க்கு உதவுவதற்காகச் சொல்லும் பொய்யும் குற்றமே, ஆனால் அது சிறு குற்றம் என்றார். வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். நம் மக்களிற் பெரும்பாலார் வள்ளுவர் பக்கமே நிற்பார்கள். இரண்டாம் இரவில் நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையைக் கவனிக்க மறந்தேன். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். தலையணைக்குக் கீழே பாணைச் சுற்றி வைத்துக் காத்திருந்த தாய்க்கு நான் செய்தது குற்றமற்ற நன்மையா?

எஞ்சியிருப்பது நம் வாக்கு

பொய் ஏன் தவறு என்று கேட்டால், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறது என்போம். நோயாளியின் கட்டிலருகே அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நலமுள்ள நாம் உலகத்தை அறியப் பல வழிகள் உள்ளன. கண்ணில் ஐயம் வந்தால் கையால் தொட்டுப் பார்க்கிறோம். காதில் ஐயம் வந்தால் எழுந்துபோய்ப் பார்க்கிறோம். கட்டிலில் கிடக்கும் அந்தத் தாய்க்குக் கண்ணும் பொய் சொல்கிறது, காதும் பொய் சொல்கிறது, நினைவும் கைவிட்டுவிட்டது. அவர் பற்றிக்கொள்ள எஞ்சியிருப்பது அருகில் நிற்பவரின் வாக்கு ஒன்றே. அதையும் நாம் கள்ள நாணயமாக்கிவிட்டால் அவர் எதைப் பிடித்துக் கரையேறுவார்? புலன்கள் தடுமாறியவரிடம் பொய் சொல்வது எளிது; அவரால் நம்மைச் சோதித்துப் பார்க்க முடியாது. எளிதாக இருப்பதனாலேயே அது செய்யத்தகாதது.

அதே காரணத்தால் வாதாடுவதும் தகாதது. 'தண்ணீர் இல்லை' என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னபோது நான் அம்மாவுக்கு உண்மையைக் கொடுக்கவில்லை; அவரைத் தோற்கடிக்கவே முயன்றேன். தண்ணீர் பொய், பயம் மெய். பொய்யான தண்ணீரைப் பற்றி ஒருமணி நேரம் பேசினேன். மெய்யான பயத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அப்படியானால் அன்றிரவு உண்மைக்குப் புறம்பாக இருந்தவர் யார்?

'பொய் சொல்லாதே' என்ற கட்டளை, 'தெரிந்ததையெல்லாம் உடனே சொல்' என்று கட்டளையிடவில்லை. கேட்கப்படாத துயரச் செய்தியைச் சொல்லாமல் காத்திருப்பது பொய்யாகாது. கேட்கும் ஆற்றல் வரும்வரை பொறுப்பது பொய்யாகாது. 'அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பது பொய்யாகாது. இந்த இடைவெளியில்தான் நல்ல தாதிமார் வேலை செய்கிறார்கள்.

கடினமான கேள்வியொன்று எஞ்சுகிறது. காய்ச்சலால் வரும் தடுமாற்றம் தணிந்துவிடும். நினைவு நிரந்தரமாக அழிந்துபோகும் மறதி நோயில், ஒவ்வொரு மாலையும் இறந்த கணவரைத் தேடும் மூதாட்டியிடம் என்ன சொல்வது? 1950-களின் இறுதியில் அமெரிக்க வைத்தியசாலைகளில், நாள், இடம், நடந்தது யாவற்றையும் திருத்திச் சொல்லும் முறை ஒன்று தோன்றிப் பரவியது. இத்தகைய மூதாட்டிக்கு அது ஒவ்வொரு நாளும் புதிதாகத் தாலியறுப்பதாகவே முடியும் என்பதைப் பலர் கண்டனர். 1960-கள் தொடங்கி நயோமி ஃபைல் என்ற சமூக சேவகி, திருத்துவதை விட்டு, அந்தத் தேடலின் அடியிலுள்ள உணர்வுக்குப் பதில் சொல்லும் வழியைக் காட்டினார். மருதமுனைத் தாதி செய்ததும் அதுவே.

ஆயினும் நேராக, தெளிந்த கண்களோடு, 'அவர் செத்துப் போனாரா?' என்று கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த வேளையில் அவர் நம்மிடம் ஆறுதலை மட்டுமல்ல, தம்மை ஒரு முழு மனிதராக மதிப்பதையும் கேட்கிறார். நாற்பது நோயாளிகளைத் தனியே பார்க்கும் தாதி நள்ளிரவில், 'நாளைக்கு வருவார் அம்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினால், அவர்மேல் கல்லெறிய நான் முதல் ஆள் அல்ல. அக்குவினாரும் அதைச் சிறு குற்றமென்றே விட்டார். ஆனால் அவகாசமுள்ள பிள்ளைகளாகிய நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

நாம் செய்யக்கூடியவை

இதில் குடும்பத்தின் பங்கு பெரிது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷரன் இனூயேயும் அவருடைய குழுவினரும், வைத்தியசாலையில் சேர்ந்த எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரைக் கொண்டு செய்த ஆய்வை 1999-இல் வெளியிட்டனர். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100-க்கு 15 பேருக்கு இந்தத் தடுமாற்றம் வந்தது. சிறப்புக் கவனிப்புப் பெற்றவர்களில் அது 100-க்கு 10 பேருக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சிறப்புக் கவனிப்பு என்ன? கண்ணாடி, காது கேட்கும் கருவி, குடிக்கத் தண்ணீர், எழுந்து நடக்கத் துணை, நாளையும் இடத்தையும் நினைவூட்டும் பேச்சு, தூக்க மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சூடான பானமும் முதுகு தடவலும் இரவு அமைதியும். தடுமாற்றம் வந்தபின் இவற்றால் அதன் கடுமை பெரிதாகக் குறையவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். ஆகவே வருமுன் செய்ய வேண்டியவை இவை. இவற்றில் எதற்குப் பெரும் பணம் வேண்டும்?

புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859-இல் வெளியிட்ட தாதியியல் நூலில், நோயாளியின் அருகில் குசுகுசுவென்று பேசுவதைக் கொடுமை என்றே கண்டித்தார். பாதி கேட்டும் பாதி கேளாமலும் கிடப்பவர், தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்று எண்ணி வாடுவார். பார்க்க வருபவர்கள் வெறும் நம்பிக்கை வார்த்தைகளை அள்ளி வீசுவதையும் அவர் ஒரு முழு அத்தியாயத்தில் கண்டித்தார். நம் வாட்டுகளில் மாலை ஐந்து மணிக்கு நடப்பதை அவர் நேரில் கண்டதுபோல் இருக்கிறது.

மொழியும் ஒரு மருந்து. நினைவு தடுமாறியவர் பலருக்குப் பிற்காலத்தில் படித்த மொழிகள் கைகொடுக்காமல் போகலாம். பிள்ளைப் பருவத்துப் பேச்சே எளிதாகக் காதில் ஏறக்கூடும். அதனால் இரவில் துணை நிற்பவர் அவருடைய ஊர்ப் பேச்சைப் பேசுபவராக இருப்பது நல்லது. இதில் நம் கரையோரத்துக்கு ஒரு கொடை உண்டு. கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களும் எத்தனை காரியங்களில் முரண்பட்டாலும், அழுவதும் தேற்றுவதும் ஒரே மொழியில்தான். அடுத்த கட்டிலில் இருந்த உம்மா ஒருவரின் மகள், நான் களைத்துப்போன வேளையில், கேளாமலே எழுந்துவந்து அம்மாவுக்குத் தண்ணீர் பருக்கியதை நான் மறக்கவில்லை.

மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில், பெத்சாயிதா ஊரின் பார்வையற்றவரைப் பற்றிய பகுதி உண்டு. பலமுறை அதைப் பிரசங்கித்திருக்கிறேன். அந்த மூன்றாம் இரவுக்குப் பின்பே விளங்கிக்கொண்டேன். இயேசு முதலில் அவரைக் கையைப் பிடித்து ஊரின் இரைச்சலுக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். தொட்டபின், ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போல் தெரிகிறார்கள் என்கிறார் அவர். அது பிழையான காட்சி. இயேசு அதை மறுத்து வாதாடவில்லை. சரியாகத்தான் காண்கிறாய் என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. மறுபடியும் அவருடைய கண்கள்மேல் கைகளை வைக்கிறார். கையைப் பிடித்தல், கேட்டல், மறுபடியும் தொடுதல். அந்த மருதமுனைத் தாதி இந்த அதிகாரத்தை வாசித்திருக்க வேண்டியதில்லை. அதைச் செய்தார்.

என் தாய் அதன்பின் வீடு திரும்பி, இரண்டு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து, அமைதியாக மறைந்தார். அந்த இரண்டாம் இரவுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவில் இல்லை, "என்ன பொய் மனே?" என்று சிரித்தார். எனக்கு நினைவிருக்கிறது.

வாசகர்களே, உங்கள் வீட்டு முதியவர் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் கண்ணாடியைப் பையில் பூட்டாமல் அவருடைய கைக்கு எட்ட வையுங்கள். இரவில் அவர் இல்லாத ஒன்றைக் கண்டால், அவருடைய தலையணை மட்டத்துக்குக் குனிந்து அங்கிருந்து ஒருமுறை பாருங்கள். கயிறு இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், உங்களுக்கு அது தெரியவில்லை என்று மென்மையாகச் சொல்லி, அருகில் இருங்கள்.